சாட்சி சொல்ல ஆள்

என் கணவர் செந்தமிழன் போர்ட் பிளேரில் ஒரு கல்லூரியில் ஆங்கிலம் கற்பிக்கிறார். பெயரையும் வேலையையும் சேர்த்துக் கேட்பவர்கள் சிரிப்பார்கள், அவரும் கூடச் சிரிப்பார். ஆங்கிலத்திலும் இப்போதைய ஆங்கிலம் அவருக்கு அவ்வளவாக ருசிக்காது. ஆயிரம் வருடத்துக்கு முந்தைய ஆங்கிலம்தான் அவருக்கு உயிர். அதிலும் குறிப்பாக மனிதர்களைக் குறிக்கும் சொற்கள். ஜனம், கூட்டம், படை, இனம், நாடு, இவற்றுக்கெல்லாம் அந்தக் காலத்து வெள்ளைக்காரன் என்னென்ன சொல் வைத்திருந்தான் என்று யாராவது கேட்டால் போதும், சோறு தண்ணி மறந்து பேசுவார்.

கூடவே குடித்தனம் செய்ததில் எனக்கும் அவற்றில் பாதி மனப்பாடம். ஊர் மக்களுக்கு ‘ஃபோல்க்’. ஒரே இனமாக வாழும் பெருங்கூட்டத்துக்கு ‘தேயோத்’. அந்தச் சொல் வழக்கொழிந்து போனதைப் பற்றி, பக்கத்து வீட்டுக்காரர் இறந்துபோனதைப் போல வருத்தப்படுவார். கொள்ளையடிக்க வரும் படைக்கு ‘ஹெரெ’. இதற்கு ஒரு ராஜா சட்டமே போட்டிருந்தானாம். ஏழு பேர் வரைக்கும் வந்தால் திருடர்கள், முப்பத்தைந்து பேர் வரைக்கும் வந்தால் கும்பல், அதற்கு மேல் வந்தால் படை. நான் காலையில் இட்லித் தட்டை இறக்கும்போது பின்னால் நின்றுகொண்டு இதைச் சொல்வார்.

இந்தச் சொற்களால் எங்களுக்கு ஓர் உபயோகம் இருந்தது. போர்ட் பிளேரில் தமிழர்கள் கூடுகிற இடத்தில், கோயில் பூஜையோ கல்யாணமோ, புதிதாகப் பழகுகிற ஒருவர் முதலில் எந்த மாவட்டம் என்பார். அப்புறம் எந்த ஊர் என்பார். மூன்றாவதாகக் குரலைத் தாழ்த்தி, “நீங்க என்ன ஆளுங்க?” என்பார். என் கணவர் முகம் மலர்ந்து, “ஆளுங்கன்னதும் ஞாபகம் வருது சார், பழைய இங்கிலீஷ்ல இதுக்கு எத்தனை சொல் இருக்கு தெரியுமா?” என்று ஆரம்பிப்பார். ஃபோல்க்கில் தொடங்கி ஹெரெவுக்கு வருவதற்குள் கேட்டவர் பந்திக்கு எழுந்து போயிருப்பார். மறுபடி கேட்கவே மாட்டார்.

மதுரைக்குத் தெற்கே ஒரு கிராமத்தில், ஊருக்கு வெளியே இருந்த தெரு எங்கள் தெரு. அங்கே அதற்குக் காலனி என்று பெயர். தமிழ்நாட்டில் பிறந்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம். அவர் அங்கிருந்து படித்து, வேலை கிடைத்து, என்னைக் கல்யாணம் செய்துகொண்டு கப்பல் ஏறினார். ஏறியவர் அந்தத் தெருவைக் கரையிலேயே விட்டுவிட்டார். எங்கள் மகள் ரூபாவுக்குச் சாதிச் சான்றிதழ் எதுவும் வாங்கவில்லை. நமக்குச் சாதி கிடையாது என்று சொல்லி வளர்த்தோம். ஊரில் யாரும் உயிரோடு இல்லை என்று அவர் சொன்னார், நான் மறுக்கவில்லை. லீவுக்குச் சென்னை, ஊட்டி, கன்னியாகுமரி எல்லாம் போனோம். மதுரையை இரவு ரயிலில் தூங்கிக்கொண்டே கடந்தோம்.

ரூபா சிப்பிகாட்டில் ஒரு விவசாயப் பண்ணையில் வேலை பார்க்கிறாள். அவள் கிருபால் என்ற பையனைக் கல்யாணம் செய்துகொள்ள விரும்பினாள். தீவுகளுக்கு இடையே ஓடும் படகு ஒன்றில் அவன் என்ஜின் மெக்கானிக். அப்பா இல்லை, அம்மா ஜமுனா ஓய்வு பெற்ற நர்ஸ், வீடு ஜங்லிகாட் பகுதியில். அவர்கள் லோக்கல் குடும்பம். இங்கே லோக்கல் என்றால் வெள்ளைக்காரன் காலத்தில் கைதிகளாகக் கொண்டுவரப்பட்டு, தண்டனை முடிந்து இங்கேயே தங்கியவர்களின் வம்சம். பஞ்சாபிலிருந்து வந்த கைதிக்கும் மலபாரிலிருந்து வந்த கைதிக்கும் கல்யாணம் நடந்திருக்கும். ஒரே வீட்டில் தாத்தா ஒரு மதம், பாட்டி ஒரு மதம். பேச்சு இந்துஸ்தானி.

எனக்குப் பரம திருப்தி. என்ன ஆளுங்க என்று கேட்கத் தெரியாத ஒரு சம்பந்தம் இந்தியா முழுக்கத் தேடினாலும் கிடைக்காது. வீட்டு வாசலுக்கே வந்திருக்கிறது. இவர் துள்ளிக் குதிப்பார் என்று நினைத்தேன். ஆனால் அவர், “பையன் நல்லவன்தான். இருந்தாலும் குடும்பத்தைப் பத்தி விசாரிக்கணும்ல” என்றார்.

“என்னத்த விசாரிக்கணும்?” என்றேன்.

“கைதிங்க வம்சம் விஜி. திருடனா, கொலைகாரனான்னு தெரிய வேண்டாமா?”

அவர் முகத்தைப் பார்த்தேன். அந்த முகத்தை நான் அதற்கு முன் இவரிடம் பார்த்ததில்லை. ஆனால் வேறு பல முகங்களில் பார்த்திருக்கிறேன், சின்ன வயதில், எங்கள் ஊர் டீக்கடையில். வாழ்க்கையில் முதல் தடவையாகத் தனக்குக் கீழே ஒரு படி இருப்பது போல அவருக்குத் தோன்றியிருக்கிறது. ஏறி நின்று பார்க்க ஆசை வந்துவிட்டது. இதை அவரிடம் சொன்னால் உடைந்து போவார் என்று வாயை மூடிக்கொண்டேன். சொல்லியிருக்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கிருபாலும் அவன் அம்மாவும் டெலானிபூரில் எங்கள் குவார்ட்டர்ஸுக்கு வந்தார்கள். ஜமுனா கனத்த உடம்பு, மூச்சு வாங்க மேடேறி வந்து உட்கார்ந்து, நான் கொடுத்த தண்ணீரை ஒரே மூச்சில் குடித்தாள். ஆஸ்பத்திரி வேலையில் தமிழ் பழகியிருந்தாள். ரூபாவைப் பக்கத்தில் உட்காரவைத்து அவள் கையைத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். எல்லாம் நல்லபடியாகத்தான் போய்க்கொண்டிருந்தது.

பஜ்ஜி வந்ததும் கிருபால் மரியாதைக்காகக் கேட்டான். “அங்கிள், நீங்க பழைய இங்கிலீஷ் படிப்பீங்கன்னு ரூபா சொன்னா.”

அவ்வளவுதான், மடை திறந்துவிட்டது. ஃபோல்க் வந்தது, தேயோத் வந்தது. ‘வெயால்ஹ்’ என்ற சொல்லையும் சொன்னார். படகில் வந்து இறங்கிய கூட்டம், அங்கே ஏற்கெனவே குடியிருந்தவர்களுக்கு வைத்த பெயர் அது. அன்னியன் என்று அர்த்தம். கொஞ்ச காலம் போனதும் அடிமைக்கும் அதே சொல்.

ஜமுனா சிரித்துவிட்டாள். “வாஹ். வந்தவன் வீட்டுக்காரனைப் பாத்து அன்னியன்னு சொல்றான். கப்பல்ல வர்றவங்க எல்லா ஊர்லயும் இப்படித்தான் போல.”

அந்தச் சிரிப்பு என் கணவருக்குப் பெரிய ஊக்கமாகிவிட்டது. நாற்காலியில் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார். “இன்னொண்ணு கேளுங்க. அந்தக் காலத்துல ஒருத்தன் மேல குத்தம் சொன்னா, அவன் தன்னோட ஆளுங்களைக் கூட்டிட்டு வரணும். இவன் செய்யலைன்னு அவங்க சத்தியம் பண்ணணும். தேவையான ஆளைக் கொண்டுவந்துட்டா விட்டுருவாங்க. ஆளே இல்லாதவன் இருக்கான் பாருங்க, அவனுக்கு ‘ஃப்ரெயோந்த்லெயாஸ்’னு பேர். உறவும் துணையும் இல்லாதவன். ஊரை விட்டுத் துரத்தப்பட்டவனுக்கும் அதே சொல்தான். சாட்சிக்கு ஆள் இல்லேன்னா அவன் குத்தவாளின்னு அர்த்தம்.”

“பாவம்” என்றாள் ஜமுனா.

“உங்க வீட்டுக்காரரோட தாத்தாவுக்கும் சாட்சி சொல்ல யாரும் வரல போலிருக்கு” என்றார் இவர், சிரித்த முகத்தோடு. “என்ன கேஸ் அது? திருட்டா, கொலையா?”

நான் பஜ்ஜித் தட்டோடு நின்றுகொண்டிருந்தேன். இத்தனை வருடம் இந்தத் தீவில் வாழ்ந்தவர்கள் யாரும் கேட்காத கேள்வி அது. மீன் விற்கிறவர் கேட்க மாட்டார், ஆட்டோக்காரர் கேட்க மாட்டார். லோக்கல் வீட்டில் எதை வேண்டுமானாலும் பேசலாம், சண்டை கூடப் போடலாம், இதை மட்டும் கேட்கக் கூடாது என்று பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குக் கூடத் தெரியும். இவருக்கும் தெரியும்.

கிருபால் தரையைப் பார்த்தான். ஜமுனா ரூபாவின் கையைத் தன் மடியிலிருந்து எடுத்து அவள் மடியில் மெதுவாக வைத்தாள்.

“சார்ஜி” என்றாள். குரலில் கோபம் இல்லை. “நாங்க ஜாதி பாக்க மாட்டோம், மதம் பாக்க மாட்டோம். எங்களுக்கு இருக்கிற கட்டுப்பாடு ஒண்ணே ஒண்ணுதான். என்ன கேஸ்ல வந்தேன்னு கேக்க மாட்டோம். கப்பல்ல இருந்து எறங்கின ஒவ்வொருத்தனுக்கும் ஒண்ணு இருந்துச்சு. ஒருத்தன் கேட்டா அடுத்தவன் திருப்பிக் கேப்பான். அப்புறம் யாரும் யார்கூடவும் வாழ முடியாது. அதனால கேக்கல.”

“நான் சும்மா ஒரு ஆர்வத்துல…” என்றார் இவர்.

“உங்ககிட்ட நான் கேட்டேனா?” என்றாள் ஜமுனா. என் பக்கம் திரும்பினாள். “இந்தப் பொண்ணு பிரசவத்துக்கு வந்தப்ப வார்டுல நான்தான் டூட்டி. மெட்ராஸ்காரப் பொண்ணு, முதல் பிரசவம். மத்த மெட்ராஸ்காரப் பொண்ணுங்களுக்கு எல்லாம் மெயின்லேண்டுல இருந்து அம்மா வந்துருவாங்க. பூண்டு, சுக்கு, பழைய சேலைன்னு மூட்டை மூட்டையா வரும். இவளுக்கு ஒருத்தரும் வரல. ராத்திரியெல்லாம் அம்மா அம்மான்னு கத்தினா. குழந்தையை முதல்ல குளிப்பாட்டினது நான். ஏன் உங்க ஆளுங்க யாரும் வரலன்னு நான் கேட்டேனா சார்ஜி? எனக்கும் கண்ணு இருக்கு, புத்தி இருக்கு. கேக்கல.”

எனக்கு அப்போதுதான் முகம் பிடிபட்டது. வெள்ளை உடுப்பில் ஒல்லியாக இருந்த ஒரு நர்ஸ்.

ஜமுனா எழுந்தாள். “கேக்கிற வீட்டுல நான் பையனைக் கொடுக்க மாட்டேன்” என்று சொல்லிவிட்டு, என் தோளைத் தொட்டுவிட்டுப் போனாள். கிருபால் ரூபாவை ஒரு தடவை பார்த்தான். பிறகு அம்மாவுக்குக் கை கொடுத்து மேட்டிலிருந்து இறக்கிக்கொண்டு போனான்.

கதவைச் சாத்திவிட்டு ரூபா என்னிடம் கேட்டாள். அவரைப் பார்க்கவே இல்லை. “நான் பொறந்தப்ப பாட்டி உயிரோட இருந்தாங்களாம்மா?”

“இருந்தாங்க.”

“அப்ப ஏன் வரல?”

நான் சொன்னேன். அம்மாவுக்குப் படிப்பு இல்லை, வாய் ஓயாது. வார்டில் பக்கத்துக் கட்டில்காரியிடம் ஊரையும் தெருவையும் ஐந்தே நிமிடத்தில் ஒப்பித்துவிடுவாள். அதனால் டிக்கெட் கிடைக்கவில்லை என்று எழுதச் சொன்னார் உன் அப்பா. அம்மா அதை நம்பினாள். அடுத்த வருடம் இறந்துபோனாள். டிக்கெட் கிடைக்கவில்லை என்று எழுதிய நான், கப்பல் டிக்கெட் கொடுக்கிற ஆபீஸில்தான் அன்றும் வேலை பார்த்தேன், இன்றும் பார்க்கிறேன். எல்லோருடைய அம்மாவும் என் கவுண்டர் வழியாகத்தான் வந்து போகிறார்கள். அவர் மேல் அன்று வந்த கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை. அதையும் சொன்னேன்.

“தெருவச் சொன்னா என்ன?” என்றாள் ரூபா. அவளுக்கு உண்மையாகவே புரியவில்லை. அப்படி வளர்த்திருக்கிறோம்.

அதற்குப் பதில் சொல்ல வேண்டியவர் அவர். சொன்னார். நாற்காலியில் உட்கார்ந்து, கையை முழங்காலில் வைத்துக்கொண்டு, பள்ளியில் எங்கே உட்காரவைத்தார்கள், குடிக்கத் தண்ணீர் எப்படி ஊற்றினார்கள், செருப்பை எந்த இடத்தில் கழற்றிக் கையில் எடுக்க வேண்டும் என்று வரிசையாகச் சொன்னார். நடுவில் ஒரு இடத்தில் கூட இங்கிலீஷ் வரவில்லை.

ரூபா அழுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள், “யாருமே உயிரோட இல்லைன்னது?” என்று கேட்டாள்.

“அண்ணன் இருக்கார். சன்னாசின்னு பேர்” என்றார். “எனக்குப் பீஸ் கட்டறதுக்காக அவர் படிப்பை விட்டார்.”

“எனக்குப் பெரியப்பா இருக்கார்” என்று ரூபா தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். பிறகு எழுந்து தன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். இரண்டு நாள் எங்களோடு பேசவில்லை. காலையில் பஸ் பிடித்துச் சிப்பிகாட் போனாள், சாயங்காலம் வந்து சாப்பிட்டாள், தட்டைக் கழுவி வைத்தாள்.

மூன்றாம் நாள் இவர் கல்லூரியிலிருந்து நேராக ஜங்லிகாட் போக ஸ்கூட்டரை எடுத்தார். நானும் பின்னால் ஏறிக்கொண்டேன். இவரைத் தனியாக விட்டால் மன்னிப்புக்குப் பழைய ஆங்கிலத்தில் என்ன சொல் என்று ஆரம்பித்துவிடுவாரோ என்று பயம். அப்படி ஒன்றும் நடக்கவில்லை. ஜமுனா வாசலில் மீன் கழுவிக்கொண்டிருந்தாள். இவர் நின்றபடியே, “நான் கேட்டது தப்பு. கேட்டதுக்குப் பதிலா என்னோடதைச் சொல்றேன்” என்று தன் தெருவைச் சொன்னார்.

ஜமுனா மீனை விடவில்லை. “இதுக்காகவா?” என்றாள். “இதுக்காகவா இந்தப் பொண்ணு அம்மா இல்லாம பிள்ளை பெத்தா?”

அவர் தலையாட்டினார்.

“எங்க வீட்டுத் தாத்தா பண்ணினது உங்களுதை விடப் பெரிசு” என்றாள். அது என்ன என்று அவளும் சொல்லவில்லை, இவரும் கேட்கவில்லை. கையைக் கழுவிக்கொண்டு வந்து சொன்னாள். “கல்யாணத்தை வச்சுக்கலாம். ஆனா உங்க ஆளுங்க வரணும். எங்க பக்கம் பாதி ஜங்லிகாட் வந்து உக்காரும். உங்க பக்கம் காலி நாற்காலி போட்டா நான் உக்கார மாட்டேன். உங்க அண்ணனைக் கூப்பிடுங்க. அவர் வர்றேன்னு சொன்னா தேதி வைக்கலாம்.”

திரும்பி வரும்போது அவர் ஸ்கூட்டரை மிக மெதுவாக ஓட்டினார். அண்ணனோடு பேசிப் பல வருடம் ஆகிறது. நம்பர் என்னிடம் இருந்தது. ஊரில் நல்லது கெட்டது விசாரிக்க எனக்கு ஒரு ஒன்றுவிட்ட தங்கை உண்டு.

எங்கள் குவார்ட்டர்ஸில் வீட்டுக்குள் சிக்னல் கிடைக்காது. போன் பேச வேண்டும் என்றால் வெளியே வந்து மாடிப்படித் திருப்பத்தில் நிற்க வேண்டும். அங்கே நின்று பேசினால் மேலும் கீழும் இருக்கிற எட்டு வீட்டுக்கும் கேட்கும். யார் வீட்டில் என்ன சண்டை, யாருக்கு மெயின்லேண்டில் பெண் பார்க்கிறார்கள் என்று எல்லாம் எல்லோருக்கும் தெரிவது அப்படித்தான். அன்று சாயங்காலம் மேல் வீட்டு நந்தகுமார் படியில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். அவர் மனைவி உமா மகேஸ்வரி கைப்பிடிச் சுவரில் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். இரண்டு பேருக்கும் சொந்த ஊர் தமிழ்நாடு. கோயில் கமிட்டியில் இருக்கிறார்கள்.

என் கணவர் போய் அந்தத் திருப்பத்தில் நின்றார். நானும் ரூபாவும் வாசலில் நின்றோம். மணி அடித்து, அந்தப் பக்கம் போனை எடுத்தார்கள்.

“அண்ணே, நான் செந்தமிழன் பேசறேன்.”

“சொல்லுப்பா” என்றது எதிர்முனை. ஊரில் எல்லோரையும் போல சன்னாசி மச்சானும் போனில் கத்தித்தான் பேசினார். எங்களுக்குத் தெளிவாகக் கேட்டது.

இவர் கல்யாண விஷயத்தைச் சொன்னார். ரூபாவின் பெயரைச் சொன்னார். எல்லோரும் வரவேண்டும், டிக்கெட் எடுத்து அனுப்புகிறேன் என்றார்.

“வாரோம்” என்றார் சன்னாசி மச்சான். “வந்தா எங்கள யாருன்னு சொல்லுவ?”

“அண்ணன்னு சொல்லுவேன்.”

“அண்ணன்னு சொல்லுவ. எந்த ஊரு, எந்தத் தெருன்னு கேப்பாகளே. அப்ப?”

என் கணவர் நிமிர்ந்து பார்த்தார். நந்தகுமார் பேப்பரில் பக்கம் திருப்பாமல் இருந்தார். இவர் சுவர்ப் பக்கம் திரும்பி, வாயைக் கையால் மறைத்துக்கொண்டு, ஊர்ப் பெயரைச் சொல்லி, கிழக்குக் காலனி என்றார்.

“கேக்கல” என்றார் சன்னாசி மச்சான்.

இன்னொரு தடவை சொன்னார், கொஞ்சம் சத்தமாக.

“கேக்கலப்பா.”

அவருக்குக் கேட்டிருக்கும் என்றுதான் நினைக்கிறேன். இவரும் அப்படித்தான் நினைத்திருப்பார். கையை வாயிலிருந்து எடுத்தார். படிக்கட்டைப் பார்த்துத் திரும்பி நின்றார். கடைசி பெஞ்சுக்குக் கேட்கிற குரலில், “கீழச்சேந்தங்குளம், கிழக்குக் காலனி. அதுதான் எங்க தெரு. என் அண்ணன் சன்னாசி அங்கருந்து வர்றார்னு சொல்லுவேன்” என்றார். உமா மகேஸ்வரியின் கையில் ஈரப் போர்வை அப்படியே நின்றது. ரூபா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“இப்பக் கேக்குது” என்றார் சன்னாசி மச்சான். “என்னைக்குக் கெளம்பணும்?”